பூட்டிய டயல்

"வர்ற கால் வருது தம்பி. நாம பண்ணினாத்தான் போக மாட்டேங்குது."

கதவைத் திறந்த கையோடு அந்த அம்மா சொன்ன முதல் பேச்சு இது. 'வாங்க' என்பது அதற்குப் பிறகுதான் வந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. இன்டர்நெட் போன் வைத்திருக்கிற வீடுகளில் தினமும் கேட்கிற புகார்தான். என் தொழிலில் பாதிப் பேய் லூஸ் கனெக்‌ஷன், மீதிப் பேய் எலி. இத்தனை வருஷத்தில் மூன்றாவது ரகம் ஒன்றை நான் பார்த்ததில்லை, அன்று மதியம் வரைக்கும்.

தெருக்கோடியில் இருந்த பழைய மாடி வீடு. வெளியே வெயில் கொளுத்தியது. உள்ளே கால் வைத்ததும் உடம்பு சில்லிட்டது. சுவர்கள் அவ்வளவு கனம். வாசற்படி தாண்டியதுமே என் மொபைலில் சிக்னல் செத்துவிட்டது. ஜன்னல்களைப் பாதி சாத்தி வைத்திருந்தார்கள். எங்கிருந்தோ தைல வாசனை வந்துகொண்டிருந்தது. புதுத் தைலம் இல்லை, துணியில் ஊறி நாள்பட்டுப்போன வாசனை.

கூடத்தில் சாய்வு நாற்காலியில் பெரியவர் ஒருவர் இருந்தார். அந்த அம்மாவின் கணவர். சர்க்கரை நோய் அவருடைய இரண்டு கண்ணையும் வாங்கிக்கொண்டுவிட்டது. நாற்காலிக் கைப்பிடி எட்டும் தூரத்தில் முக்காலி, அதன் மேல் ஒரு கறுப்பு டயல் போன். ஓட்டையில் விரலை விட்டுச் சுழற்றுகிற அந்தக் காலத்து போன்.

"பட்டன் போன் வாங்கிக் குடுத்தேன். எல்லாப் பட்டனும் ஒரே மாதிரி இருக்காம். விரலுக்கு இதுதான் பழக்கமாம்" என்றார் அம்மா. "செல்போனும் குடுத்துப் பாத்தாச்சு. இந்தச் சுவருக்குள்ள சிக்னல் ஏது? இருந்தாலும் தடவித் தடவி எமனையே கூப்பிட்டுடுவார்."

"எமன்கிட்ட பேசணும்னா நேரா உன் நம்பருக்கே பண்ணிடுவேன்" என்றார் பெரியவர்.

மூவரும் சிரித்தோம். அந்த வீட்டில் நான் சிரித்தது அதுதான் கடைசி.

அம்மா என்னை ரூட்டர் இருந்த மூலைக்கு அழைத்துப் போய்க் குரலைத் தாழ்த்தினார். அவருக்குக் கடைத்தெரு மருந்துக்கடையில் வேலை. காலையில் போனால் சாயங்காலம்தான் வருவார். பெரியவருக்குத் திடீர் திடீரென்று சர்க்கரை இறங்கிவிடும். கை நடுங்க ஆரம்பிக்கும்போதே கூப்பிட்டுவிட்டால் அம்மா ஓட்டமும் நடையுமாக வந்து சேர்ந்துவிடுவார்.

"போன வாரம் கூப்பிட்டிருக்கார். போகவே இல்ல. நான் வேலை முடிஞ்சு வந்து பாக்கறேன், தரையில கிடக்கறார். கையில ரிசீவர். உசிர் இருந்தது நான் செஞ்ச புண்ணியம்." சொல்லும்போதே அவருக்குக் கண் கலங்கியது. "நாளைக்கு நான் வேலைக்குப் போயாகணும் தம்பி. இது சரியாகலன்னா எப்படி இவரை விட்டுட்டுப் போவேன்?"

"அதுக்குத்தானே வந்திருக்கேன்" என்றேன், பெரிய இவன் மாதிரி.

ரூட்டருக்குப் பக்கத்தில் அடாப்டர் இருந்தது. இன்டர்நெட்டைப் போன் பேச்சாக மாற்றிக் கொடுக்கிற சின்ன டப்பா. அதில் மூன்று பச்சை விளக்கு. கரண்டுக்கு ஒன்று, இன்டர்நெட்டுக்கு ஒன்று. மூன்றாவது, யாராவது ரிசீவரைக் கையில் எடுத்தால் மட்டும் எரியும்.

மூன்றாவது விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

திரும்பிப் பார்த்தேன். கறுப்பு போனின் ரிசீவர் அதன் இடத்தில்தான் இருந்தது. பெரியவரின் கை மடியில் இருந்தது.

"வீட்ல வேற போன் இருக்கா?"

"இல்லையே. இது ஒண்ணுதான்."

கறுப்பு போனை எடுத்துக் காதில் வைத்தேன். டயல் டோன் இல்லை. ஆனால் செத்துப்போன லைனின் மௌனமும் இல்லை. அது எனக்கு நன்றாகத் தெரியும், பஞ்சு அடைத்த மாதிரி இருக்கும். இது திறந்த மௌனம். ஓர் அறையின் காற்று கேட்டது. பிறகு அதற்குள்ளிருந்து ஒரு சத்தம்.

டக்.

கொஞ்சம் இடைவெளி. பிறகு டக் டக் டக் என்று நீளமாக ஒரு கொத்து. மறுபடி இடைவெளி. மூன்றாவது கொத்து. பிறகு நின்றது. நான் மூச்சை அடக்கிக்கொண்டு காத்திருந்தேன். முதலிலிருந்து அதே மூன்று கொத்துகள் திரும்ப வந்தன.

காற்றில் ஆடும் ஒயர் எண்ணிக்கை பார்த்துத் தட்டாது. அவசர உதவிக்கு நாம் எல்லோரும் கூப்பிடும் எண் மூன்று இலக்கம். குழந்தைக்கும் தெரியும். தட்டப்பட்டது அந்த எண்தான்.

அந்தக் காலத்து போன் எல்லாம் எளிமையான சாமான். டயல் சுழன்று திரும்பும்போது, எந்த எண்ணோ அத்தனை முறை லைன் விட்டு விட்டு ஒட்டும், அவ்வளவுதான். ரிசீவர் உட்காரும் குமிழை விரலால் அத்தனை முறை தட்டினாலும் அதே வேலை நடக்கும். டயலுக்குப் பூட்டுப் போட்ட வீடுகளில் எல்லாருக்கும் இந்தத் தில்லுமுல்லு தெரியும். நானே சின்ன வயதில் செய்திருக்கிறேன்.

ஆக, இந்த லைனில் எங்கோ இன்னொரு போன் இருக்கிறது. யாரோ அதை எடுத்துத் தட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

காரணமும் கண்ணுக்குப் பட்டது. அடாப்டரை மாட்டிவிட்டுப் போன புண்ணியவான் போனை நேராக டப்பாவில் சொருகாமல், டப்பாவைச் சுவர் சாக்கெட்டில் சொருகியிருந்தான். அப்படிச் செய்தால் வீட்டில் ஓடுகிற பழைய ஒயர் முழுக்க உயிர் வந்துவிடும். சுண்ணாம்பு பூசிய சுவரோடு சுவராக ஒரு ஒயர் போனது. கதவு நிலையைத் தாண்டி, மாடிப்படி ஏறியது.

"மேல போக வேணாம்" என்றார் பெரியவர். நான் எதுவும் சொல்லியிருக்கவில்லை. என் காலடிச் சத்தம் திரும்பியதை வைத்தே கண்டுபிடித்துவிட்டார்.

"ஒயர் மேலதான் போகுதுங்க ஐயா."

"அது செத்த லைன்."

"செத்த லைனுக்கு விளக்கு எரியாதுங்க."

அம்மா என்னை ஏறிட்டுப் பார்த்துவிட்டு, அலமாரியின் மேலிருந்து ஒரு சாவியை எடுத்தார். "நான் கல்யாணமாகி வந்ததுலேருந்து பூட்டித்தான் கிடக்கு. இவரோட அக்கா இருந்த ரூம். படுத்த படுக்கையா இருந்து போய்ச் சேந்தாங்களாம்" என்றார், படியேறிக்கொண்டே. ஏற ஏறத் தைல வாசனை கூடியது.

சாவி சுலபத்தில் திரும்பவில்லை. அம்மா வாசலிலேயே நின்றுகொண்டார்.

ஒரு கட்டில், ஒரு நாற்காலி, சாத்திய ஜன்னல். எல்லாவற்றின் மேலும் தூசி கம்பளி போர்த்திய மாதிரி கிடந்தது. கட்டிலை ஒட்டிய மேஜையில் சிவப்பு போன் இருந்தது. டயலின் முதல் ஓட்டையில் கட்டைவிரல் அளவு பித்தளைப் பூட்டு.

ரிசீவர் தலையணையின் மேல் கிடந்தது.

தலையணையில் தூசி. போனில் தூசி. ரிசீவர் உட்காரும் இரண்டு வெள்ளைக் குமிழ்களில் மட்டும் தூசி இல்லை. தினமும் விரல் படுகிற இடம்போல வழவழவென்று இருந்தன.

ரிசீவரை எடுத்தேன்.

பேசுகிற பக்கம் ஈரமாக இருந்தது.

மூச்சுக்காற்று பட்ட ஈரம். கையை என் பேன்ட்டில் துடைத்துக்கொண்டேன். ரிசீவரை அதன் இடத்தில் வைத்தேன், சாக்கெட்டிலிருந்து ஒயரைப் பிடுங்கினேன், முனையை வெட்டிச் சுருட்டிக் கட்டினேன். இவ்வளவையும் கட்டிலுக்கு முதுகைக் காட்டாமல் செய்தேன். பயமா என்று கேட்டால், ஆமாம், பயம்தான்.

"அதை எடுத்துட்டே போயிடுங்க தம்பி" என்று வாசலிலிருந்து அம்மா சொன்னார். குரல் கிசுகிசுப்பாகத்தான் வந்தது.

சிவப்பு போனோடு கீழே இறங்கியபோது மூன்றாவது விளக்கு அணைந்திருந்தது. நிம்மதியாக மூச்சு விட்டேன்.

"பூட்டுக்குச் சாவி இருக்குங்களா?" என்று பெரியவரிடம் கேட்டேன். ஏதாவது பேச வேண்டும் போலிருந்தது.

"தூக்கிப் போட்டாச்சு." நாற்காலிக் கைப்பிடியைத் தடவிக்கொண்டே தொடர்ந்தார். "நாக்கு நீளம் அவளுக்கு. படுத்துக்கிட்டே ஊருக்கெல்லாம் போன் பண்ணுவா. என் தம்பி சோறு போடல, தம்பி ரூம்ல வெச்சுப் பூட்டறான்னு. என் மானம் மரியாதை என்ன ஆவறது? அதான் பூட்டினேன். வர்ற கால்ல பேசிக்கட்டும், இவளா யாருக்கும் பண்ணக் கூடாதுன்னு. அப்புறம் தட்டித் தட்டி நம்பர் போடக் கத்துக்கிட்டா."

"அப்புறம்?"

"கீழ ரிசீவரை எடுத்து வெச்சுட்டு வெளிய போவேன். ஒரு போன் எடுத்திருந்தா இன்னொண்ணுலேருந்து போகாதுல்ல? உனக்குத் தெரியாததா?"

தெரியும். கையிலிருந்த சிவப்பு போனைத் தரையில் இறக்கி வைத்தேன்.

"ஒரு நாள் வர கொஞ்சம் லேட்டாயிடுச்சு" என்றார். அம்மா கணவரையே பார்த்துக்கொண்டு நின்றார். இத்தனை வருஷம் கூட வாழ்ந்தவரை அன்றுதான் புதிதாகப் பார்க்கிற பார்வை அது.

வேலை இன்னும் முடியவில்லை. கறுப்பு போனில் டயல் டோன் வந்துவிட்டது. ஆனால் பெரியவர் டயலைச் சுழற்றினால் டோன் பாட்டுக்கு ஊதிக்கொண்டே இருந்தது. இது இரண்டாவது கோளாறு. இந்த மாதிரி டப்பாக்களுக்குப் பட்டன் போனின் 'பீப்' மட்டும்தான் புரியும், டயல் போனின் தட்டல் புரியாது. புரிய வைப்பதற்கு உள்ளே ஒரு அமைப்பு இருக்கிறது. அதை மாற்றிவிட்டால் போதும். லேப்டாப்பைத் திறந்து அந்தப் பக்கத்துக்குப் போனேன்.

அப்போதுதான் உறைத்தது. மேலே இருந்து தட்டிய தட்டல் எல்லாம் ஏன் வெளியே போகவில்லை? இந்த டப்பாவின் காது செவிடு, அதனால்தான். அந்தச் செவிட்டுத்தனத்தைத்தான் நான் இப்போது சரிசெய்யப் போகிறேன்.

விரல் ஒரு கணம் தயங்கியது.

பிறகு நாளைக்கு இந்த மனுஷர் தனியாக இருப்பார் என்பது நினைவுக்கு வந்தது. மேல் ஒயரை வெட்டியாகிவிட்டது, போனையும் எடுத்தாகிவிட்டது. இனி எவர் தட்ட முடியும்? மாற்றிவிட்டேன்.

"உன் நம்பரைச் சொல்லு, போட்டுப் பாக்கறேன்" என்றார் பெரியவர்.

சுவருக்குள் எனக்குச் சிக்னல் கிடையாது. அதனால் அவருக்கு மனப்பாடம் ஆகும்படி, ஒவ்வொரு எண்ணாக உரக்க, நிறுத்தி நிறுத்திச் சொன்னேன். கூடம் முழுக்க எதிரொலித்தது. கண்ட இடத்தில் நம்பரைக் கொடுக்காதே என்று என் வீட்டுக்காரி தலைபாடாக அடித்துக்கொள்வாள். என்றைக்குக் கேட்டேன்?

சிவப்பு போனை என் சின்ன வேனின் பின்பக்கம் ஒரு சாக்கின் மேல் வைத்துவிட்டு, வாசல் கேட்டில் நின்றேன். மொபைல் அடித்தது.

"கேக்குதா?"

"நல்லாக் கேக்குதுங்க ஐயா. வெச்சிடுங்க."

அவர் வைக்கும் சத்தம் தெளிவாகக் கேட்டது. லைன் அறவில்லை. ஜன்னல் வழியே பார்த்தேன். கறுப்பு போனின் ரிசீவர் அதன் இடத்தில் இருந்தது, பெரியவர் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். என் காதில் யாரோ மூச்சு விட்டார்கள். படுத்த வாக்கில் விடும் மூச்சு, இழுத்து இழுத்து. பிறகு அறுந்தது.

அடாப்டர் தாமதமாக அறுக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அம்மா வாசல்வரை வந்து, கையெடுத்துக் கும்பிடாத குறையாக நன்றி சொன்னார். "இனிமே நிம்மதியா வேலைக்குப் போவேன் தம்பி."

மறுநாள் நான் ஓர் அலுவலகத்தில் ஒயர் இழுத்துக்கொண்டிருந்தேன். பட்டப்பகல். சுற்றிலும் ஆட்கள், டீ, வெட்டிப்பேச்சு. மொபைல் அடித்தது. அந்த வீட்டு எண்.

"சொல்லுங்க ஐயா."

மூச்சு மட்டும். மிக அருகில், காதோடு காதாக. தைல வாசனை அடித்த மாதிரி இருந்தது. ஏணியிலிருந்து இறங்கி நின்றேன்.

அந்த மூச்சுக்குப் பின்னால், தூரத்தில், பெரியவரின் குரல் கேட்டது.

"யாரு லைன்ல? வைங்க. நான் ஒரு கால் பண்ணணும்."

"ஐயா! நான்தான், போன் ரிப்பேர்க்காரன்! கேக்குதா?"

அவருக்குக் கேட்கவில்லை. டயலில் விரல் உரசும் சத்தம். மறுபடி உரசும் சத்தம். ஏதோ உலோகத்தில் நகம் பட்டது.

"விரல் போகலையே... என்ன இது?" அவர் மூச்சு வாங்க ஆரம்பித்திருந்தார். நாக்கு குழறியது. "என்னது இது, டயல்ல?"

பிறகு மௌனம். கண் தெரியாதவர் விரலால் எதையோ தடவித் தெரிந்துகொள்ளும் நேரம்.

"அக்கா?"

என் காதருகில் இருந்த மூச்சு நின்றது. கேட்பதற்காக நின்ற மாதிரி இருந்தது.

டக். டக். பெரியவர் குமிழைத் தட்ட ஆரம்பித்தார். கை நடுக்கத்தில் எண்ணிக்கை தப்பியது. மறுபடி முதலிலிருந்து தட்டினார். எதுவும் போகாது. ஒரு போன் எடுத்திருந்தால் இன்னொன்றிலிருந்து போகாது.

"வெச்சிடுக்கா. கை நடுங்குதுக்கா. ஒரே ஒரு கால் பண்ணிக்கறேன். வெச்சிடுக்கா..."

நான் இணைப்பைத் துண்டித்துவிட்டு, அம்மா கொடுத்திருந்த மருந்துக்கடை எண்ணுக்கு அடித்தேன். அம்மா அலறியது கேட்டது. அவர் ஓடியிருப்பார். நானும் வண்டியை எடுத்துக்கொண்டு பறந்தேன்.

நான் போனபோது வாசலில் ஆம்புலன்ஸ் நின்றது. அவசரம் காட்டாமல் நின்றது. அதைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. அம்மா கூடத்துத் தரையில், காலை நீட்டிப் போட்டு உட்கார்ந்திருந்தார். பெரியவரை வெள்ளைத் துணியால் மூடியிருந்தார்கள்.

ஆம்புலன்ஸ்காரர் என்னை வீட்டு ஆள் என்று நினைத்துக்கொண்டார். ஓரமாக இழுத்துக் கடிந்துகொண்டார்.

"கண்ணு தெரியாத மனுஷன். தனியா விட்டுட்டுப் போறீங்க. சரி, போனையும் பூட்டிட்டா போவீங்க?"

முக்காலியைப் பார்த்தேன். கறுப்பு போன். டயலின் முதல் ஓட்டையில் கட்டைவிரல் அளவு பித்தளைப் பூட்டு. அதைச் சுற்றி நகக் கீறல்கள், புதிதாக, பளிச்சென்று.

அம்மா தலையைத் தூக்கினார். "நீங்க போட்டதா தம்பி?" என்று கேட்டார். கோபமாகக் கேட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். இல்லை என்று தலையாட்டினேன். அவர் நம்பினாரா என்று தெரியவில்லை. இன்றுவரை தெரியவில்லை.

வெளியே வந்து வண்டியின் பின்கதவைத் திறந்தேன்.

சிவப்பு போன் சாக்கின் மேல் நான் வைத்தபடியே இருந்தது. வெட்டிய ஒயர் சுருட்டியபடியே இருந்தது. முதல் ஓட்டை காலியாக இருந்தது.

டயல் சுழன்றது.

நிதானமாக, விரல் தடுக்கிற முனைவரை போனது. விட்டதும் கர்ரென்று திரும்பி வந்தது. மறுபடி சுழன்றது. அவசர எண் இல்லை. அது மூன்றோடு முடிந்துவிடும். அவளுக்கு இனி ஆம்புலன்ஸ் எதற்கு? இது முடியாமல் போய்க்கொண்டே இருந்தது. பாதி வந்த பிறகுதான் எனக்குப் பிடிபட்டது. அந்தக் கூடத்தில் நான் உரக்க, நிறுத்தி நிறுத்திச் சொன்ன வரிசை.

மொபைலை எடுத்து அணைத்தேன்.

கடைசி எண் சுழன்று முனைக்குப் போனது. அங்கேயே நின்றது.

திரும்பி வரவில்லை.

அந்த போனைத் தூக்கிப் போட எனக்குத் தைரியம் இல்லை. கீழே விழுந்தால் டயல் விடுபட்டுவிடுமே. என் கடையில், சுவர் ஓரத்தில், யாரும் இடித்துவிடாத மாதிரி வைத்திருக்கிறேன். அணைத்த மொபைலை அதற்குப் பிறகு நான் திறக்கவில்லை, எண்ணையே மாற்றிவிட்டேன். உள்ளே ஸ்பிரிங் இருக்கிறது. விட்டால் அந்தக் கணமே திரும்பிவிடும் டயல் அது. யாராவது விரலை உள்ளே விட்டுப் பிடித்துக்கொண்டிருந்தால் மட்டுமே அப்படி நிற்கும்.

இன்று காலையிலும் பார்த்தேன். இன்னும் பிடித்துக்கொண்டுதான் இருக்கிறாள்.